யின், யாங், தொட்டிக்கட்டு

அவிநாசிப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பேச்சில் இப்போது வாஸ்துவோடு பெங்சுயியும் சேர்ந்துவிட்டது. வீட்டில் யின் கூடி யாங் குறைந்திருக்கிறது, மூங்கில் செடி வையுங்கள் என்கிறார்கள். இந்தச் சொற்கள் பிறந்த இடம் மலைச்சரிவு.

சீன எழுத்தில் இரண்டுக்கும் இடப்பக்கம் நிற்பது மேட்டைக் குறிக்கும் ஒரே குறி. வெயில் படும் தெற்குச் சரிவு யாங். நிழல் விழும் வடக்குச் சரிவு யின். ஆற்றுக்கு இது தலைகீழ்: வடகரை யாங், தென்கரை யின். லோ ஆற்றின் வடகரையில் எழுந்த தலைநகர் லோயாங் ஆனது அப்படித்தான். ஆண், பெண், சூடு, குளிர்ச்சி என்ற பொருளெல்லாம் பிறகு விரிந்தவை. ஒரே மலையின் வெயிலும் நிழலும் பொழுது சாயச் சாய இடம் மாறும். ஒன்றை விரட்டி மற்றதை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை.

தமிழும் நிலத்தைப் பார்த்தே திசைக்குப் பெயர் வைத்தது. மேடான பக்கம் மேற்கு, தாழ்ந்த பக்கம் கிழக்கு.

பெங் என்றால் காற்று, சுயி என்றால் நீர். சீன அறிஞர் குவோ பு (276–324) பெயரில் வழங்கும் நூல், உயிர்மூச்சு காற்றில் சிதறும், நீரைக் கண்டால் நிற்கும் என்கிறது. அது பிணம் அடக்க இடம் தேர்வதற்கான நூல். கொங்கிலோ காற்றும் நீரும் பிழைப்போடு ஒட்டியவை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று அள்ளி வீசும். மழையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப்பக்கமே பெய்துவிடும். பவானியின் உபரிநீரை 1,045 குளங்குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கிவைக்கப்பட்டது.

இந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் கொங்கு கண்ட விடை தொட்டிக்கட்டு வீடு. கட்டு என்பது வீட்டின் ஒரு பகுதி. முதற்கட்டு, இரண்டாங்கட்டு என்கிறோமே, அந்தக் கட்டு. தொட்டி என்பது நடுவே வானம் பார்த்துக் கிடக்கும் பள்ளம். நான்கு பக்கக் கூரையும் அதை நோக்கிச் சரியும், சுற்றிலும் தாழ்வாரம் ஓடும். தொட்டியில் வெயில் காயும்போது தாழ்வாரத்தில் நிழல்; சூடேறிய காற்று மேலே போக, அறைகளின் காற்று அசைந்துகொண்டே இருக்கும். பயறு காய்வதும் ஆள் படுப்பதும் பத்தடிக்குள். யின்னும் யாங்கும் ஒத்துப்போவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சீனாவின் ஹுய்ஜோ பகுதி வீடுகளிலும் இதே அமைப்பு உண்டு. அங்கே அதன் பெயர் தியென்ஜிங், வானக்கிணறு. நான்கு கூரை நீரும் உள்ளே விழுவதைச் செல்வம் சேர்வதாகக் கொண்டாடினார்கள். அந்தப் பகுதியின் ஷீதி, ஹோங்சுன் ஊர்களை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கம் தொட்டிக்கு மேல் தகரம் போட்டு அறையாக்கிக்கொண்ட வீடுகள் உண்டு. அங்கே புழுக்கம் தாங்காமல் யின்னும் யாங்கும் விசாரிக்கிறவர்கள் முதலில் அந்தத் தகரத்தைக் கழற்ற வேண்டும்.