கல்லூரி வாயிலில் ஓர் அளவுகோல்

கல்லூரியில் இடங்கள் சில. அவற்றை நாடி வருவோர் பலர். எவரை உள்ளே அழைப்பது, எவரைத் திருப்பி அனுப்புவது? உயர்கல்வி பரவிய நாடுகள் யாவற்றிலும் எழுந்த கேள்வி இது. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகள் கண்ட விடை, பொதுத் திறன் தேர்வு. ஒரே வகையான வினாத்தாளை நாடு முழுவதும் கொடுத்து, விடைகளை ஓர் எண்ணாக மாற்றி, அந்த எண்ணையும் துணையாகக் கொண்டு மாணவரைத் தெரிவு செய்வது அம்முறை. மாணவச் செல்வர்களே, அந்த எண் எதை அளக்கிறது என்பதில் அந்நாடு நூறு ஆண்டுகளாகத் தன்னோடு தானே வாதிட்டு வருகிறது. அவ்வாதத்தின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை அங்கே ஒவ்வொரு கல்லூரியும் தன் வாயிலில் தானே ஒரு தேர்வு நடத்தியது. ஒரு கல்லூரி இலத்தீன் நூல்களுள் சிலவற்றைக் கேட்கும். மற்றொன்று வேறு சிலவற்றைக் கேட்கும். ஒரே வகுப்பில் அமர்ந்த இருபது பிள்ளைகளை ஐந்து கல்லூரிகளுக்கு ஐந்து விதமாக ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. பள்ளித் தலைமையாசிரியர்கள் பட்ட தொல்லையை, அத்தொழிலில் இருந்தவர்கள் எளிதில் உணர்வார்கள். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1900ஆம் ஆண்டில் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அமைந்தது. 1901 ஜூன் மாதத்தில் அது நடத்திய முதல் தேர்வை 973 பேர் எழுதினர். பாடவாரியான வினாக்கள், விரிவான விடைகள், படித்துத் திருத்துவோர் ஆசிரியர்கள். ஒழுங்கு பிறந்தது, ஐயமில்லை. ஆனால் இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்க வசதியுள்ள பள்ளிகளின் பிள்ளைகளுக்கே அத்தேர்வு எளிதாயிற்று. தொலைவிலுள்ள சிற்றூரின் பிள்ளைக்கு அறிவு இருந்தும், அந்த வாயிலை அணுக வழி இல்லை.

பாடத்தை அளவாமல் அறிவுத்திறனையே அளக்க முடியாதா என்ற எண்ணம் பிறிதோர் இடத்தில் முளைத்தது. 1905இல் பாரிஸ் நகரில் ஆல்பிரட் பினே என்னும் உளநூலறிஞர் தம் துணைவர் சிமோனுடன் ஒரு சோதனையை வகுத்தார். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து தனிக் கவனம் அளிக்கவே அவர் அதை வகுத்தார். அதாவது, உதவுவதற்காகவே அச்சோதனை பிறந்தது, விலக்குவதற்காக அன்று. அதே கருத்து அட்லாண்டிக் கடலைக் கடந்தபோது அதன் நோக்கம் மாறிற்று. அமெரிக்கா 1917இல் முதல் உலகப் போரில் இறங்கிய பின், ஏறத்தாழ 17 லட்சம் படைவீரர்களுக்கு அறிவுச் சோதனை நடத்தப்பட்டது. அதன் வினாக்களுள் ஒன்று, கடையில் விற்கும் ஒரு பொருளின் வணிகப் பெயரைச் சொல்லி, அது மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா என்று கேட்டது. மற்றொன்று, பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் எத்துறையில் புகழ் பெற்றவர் என்று வினவியது. எழுத்தறியாதோருக்குப் படங்கள் காட்டினர். அவற்றுள் ஒன்றில், டென்னிஸ் ஆடுகளத்தில் வலை இல்லாமையைக் கண்டு நிரப்ப வேண்டும். டென்னிஸ் ஆட்டத்தையே கண்டறியாத குடியானவன் என் செய்வான்? அவன் விடை தவறினால், குறை அவன் அறிவிலா, அவன் வளர்ந்த சூழலிலா?

இக்கேள்வியை அன்று பலர் எழுப்பவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து உளநூலறிஞர் கார்ல் பிரிகாம் படைச் சோதனைகளின் முடிவுகளை ஆராய்ந்து 1923இல் ஒரு நூல் வெளியிட்டார். வடக்கு ஐரோப்பிய இனத்தாரே அறிவில் உயர்ந்தவர் என்றும், தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து குடியேறுவோரால் நாட்டின் அறிவுநிலை தாழ்கிறது என்றும் அந்நூல் கூறிற்று. குடியேற்றத்தைத் தடுக்க விரும்பியோருக்கு அது நல்ல துணையாயிற்று. அதே பிரிகாமின் தலைமையில்தான் கல்லூரிகளுக்குரிய புதிய திறன் தேர்வும் உருவாயிற்று. 1926 ஜூன் 23ஆம் நாள் அது முதன்முதலாக நடைபெற்றது. எஸ்.ஏ.டி. என இன்றும் உலகெங்கும் அறியப்படும் தேர்வு அதுவே. எழுதியவர்கள் எண்ணாயிரத்துக்குச் சற்று மிகையானவர்கள். வினாக்கள் 315, கொடுத்த நேரம் 97 நிமிடம்.

இவ்வரலாற்றில் மாணவர்கள் நினைவிற் கொள்ளத் தக்க நிகழ்ச்சி நான்கு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது. 1930இல் பிரிகாம் தம் ஆராய்ச்சியைத் தாமே மறுத்து எழுதினார். வேற்று மொழிச் சூழலில் வளர்ந்தோரை ஆங்கிலச் சோதனையால் ஒப்பிட்டது பிழை. பல்வேறு சோதனைகளின் எண்களைக் கூட்டி, அக்கூட்டுத் தொகைக்கு அறிவு என்று பெயர் சூட்டியதும் பிழை. ஆகவே தம் நூல் அடிப்படையற்றது என்று வெளிப்படையாக அறிவித்தார். தேர்வு நடத்துவதற்கெனப் பெரியதொரு நிறுவனம் தோன்றினால், தேர்வின் குறைகளை ஆராய்வதைவிட அதைப் பரப்புவதிலேயே அதற்கு நாட்டம் மிகும் என்றும் அவர் அஞ்சினார். அவர் 1943இல் காலமானார். எண்களை நன்கு அறிந்த ஒருவரே எண்களைப் பற்றி இவ்வாறு எச்சரித்தார் என்பது எண்ணத் தக்கது.

அப்படியானால் எண்ணையே விட்டுவிட்டு, மாணவரின் குணநலன் நோக்கித் தெரிவு செய்யலாமே என்று தோன்றலாம். அதற்கும் வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்தோருள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் யூதர்கள். தேர்வு எழுதி முறையாக வென்று வந்தவர்கள் அவர்கள். அத்தொகையைக் குறைக்க வேண்டும் என்றார் பல்கலைக்கழகத் தலைவர் லோவெல். வெளிப்படையான வரம்பை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. ஆனால் 1926 முதல், குணநலனும் தோற்றமும் நோக்கப்படும் என்ற விதி வந்தது. விண்ணப்பத்துடன் புகைப்படமும் கேட்கப்பட்டது. யூத மாணவர் தொகையும் குறைந்தது. குணம் என்ற அழகிய சொல், அங்கே மதிலாகப் பயன்பட்டது.

எண்ணுக்கு வேறொரு முகமும் உண்டு என்பதை அடுத்த தலைமுறை காட்டிற்று. 1933இல் ஹார்வர்டின் தலைவரான ஜேம்ஸ் கோனன்ட், செல்வர் வீட்டுப் பிள்ளைகளே மிக்கிருந்த தம் நிறுவனத்துக்கு நாட்டின் உட்பகுதிகளிலிருந்தும் திறமையாளர் வர வேண்டும் என்று விரும்பினார். அதற்கென உதவித் தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்தினார். பெயர் அறியாத பள்ளிகளில் படித்தோரை எவ்வாறு ஒப்பிடுவது? அவருடைய துணைவர் ஹென்றி சான்சி, பிரிகாமின் தேர்வையே தெரிந்தெடுத்தார். இல்லினாய் மாநிலத்தின் சாம்பெய்ன் நகரில் வளர்ந்த ஜேம்ஸ் டோபின் என்னும் இளைஞர் அவ்வுதவித் தொகையைப் பெற்று 1935இல் ஹார்வர்டு சேர்ந்தார். 1981இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கத் துணைநின்ற சோதனை முறையே, தொலைவில் நின்ற பிள்ளைக்கு வாயில் திறக்கும் திறவுகோலும் ஆயிற்று.

பின்னர் அதன் வளர்ச்சி விரைந்தது. மிச்சிகன் மாநிலத்துப் பள்ளி ஆசிரியர் ரெனால்டு ஜான்சன், பென்சில் குறிகளை மின்சாரத்தால் கண்டறிந்து மதிப்பெண் இடும் வழியைக் கண்டார். அதனைக் கொண்டு அமைந்த பொறி விற்பனைக்கு வந்தது. போர்க் காலத்தில், 1942இல், பழைய கட்டுரைத் தேர்வுகள் கைவிடப்பட்டன. 1947இல் கல்வித் தேர்வுப் பணியகம் நிறுவப்பட்டு, சான்சி அதன் முதல் தலைவரானார். பிரிகாம் அஞ்சிய பெரிய நிறுவனம் இவ்வாறு தோன்றிற்று.

இத்தேர்வுக்குப் பயிற்சியால் பயனில்லை, இஃது உள்ளார்ந்த திறனை அளப்பது என்று வாரியம் நெடுங்காலம் வற்புறுத்தி வந்தது. ஆனால் 1940களிலேயே புரூக்ளின் பகுதியில் ஸ்டான்லி காப்லன் என்பவர் தம் இல்லத்தில் மாணவருக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கியிருந்தார். நாளடைவில் அது பெருந்தொழிலாக வளர்ந்தது. வாரியமும் 1990இல் தேர்வின் பெயரிலிருந்த ‘இயல்திறன்’ என்ற சொல்லை நீக்கிற்று. பின்னர் அம்மூன்று எழுத்துகளுக்கும் விரிவே இல்லை என்றாயிற்று. பெயர் மாறிய வரலாறே ஒரு பாடம். எதை அளக்கிறோம் என்ற உறுதி மெல்ல மெல்லக் கரைந்ததை அது காட்டுகிறது.

இதற்கிடையில் எதிர்ப்பும் வளர்ந்தது. மெயின் மாநிலத்திலுள்ள பௌடாயின் கல்லூரி 1969இலேயே தேர்வு எண் கட்டாயமில்லை என்று அறிவித்தது. 2001இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத் தலைவர் ரிச்சர்டு அட்கின்சன் இத்தேர்வைக் கைவிட வேண்டும் என்று கோரினார். 2020இல் பெருந்தொற்றுப் பரவித் தேர்வுக் கூடங்கள் மூடப்பட்டபோது, மிகப் பல கல்லூரிகள் எண் கேட்பதை நிறுத்தின. கலிபோர்னியாவில் ஆசிரியர் குழு ஒன்று, கல்லூரியில் மாணவர் எவ்வாறு படிப்பார் என்பதை அறிய எண்கள் பயன்படுகின்றன என்றே ஆராய்ந்து கூறியிருந்தது. எனினும், வறியோர்க்கு அது தடை என்ற கருத்தே மேலோங்க, பல்கலைக்கழக ஆட்சிக் குழுவினர் அத்தேர்வைக் கைவிடத் தீர்மானித்தனர்.

ஆயினும் கதை அங்கு முடியவில்லை. 2022இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், 2024இல் டார்ட்மவுத், ஏல், பிரவுன், ஹார்வர்டு ஆகியவையும் தேர்வை மீண்டும் கேட்கத் தீர்மானித்தன. டார்ட்மவுத் ஆய்வாளர் கண்ட உண்மை வியப்புக்குரியது. 1600க்கு 1400 பெற்ற ஏழை மாணவர் பலர், தம் எண் அக்கல்லூரியின் சராசரிக்குக் குறைவு என்று கருதி அதைத் தெரிவியாமல் விட்டனர். அவர்கள் படித்த பள்ளியின் நிலையோடு வைத்து நோக்கினால், அதே எண் அரிய சாதனை. தெரிவித்திருந்தால் அவர்களுக்கு நன்மை விளைந்திருக்கும். 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஒரே எண் பெற்ற மாணவருள்ளும், நாட்டின் மிகப் பெருஞ்செல்வர் பிள்ளைகள் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட இருமடங்குக்கு மேலாகப் புகழ்பெற்ற கல்லூரிகளில் இடம் பெறுவதைக் காட்டிற்று. பெற்றோர் அங்கே படித்தவர் என்பதும், விளையாட்டும், பாடம் சாராத பிற தகுதிகளும் அவர்களுக்குத் துணை நின்றன. இத்தேர்வில் செல்வர் பிள்ளைகள் மிகுந்த எண் பெறுகின்றனர் என்பது மெய். தேர்வை நீக்கினால் செல்வத்தின் செல்வாக்கு நீங்கிவிடும் என்பது மெய்யன்று.

இந்நூறாண்டு நமக்குக் கற்பிப்பது யாது? ஒரே நெல் கரம்பில் ஒரு படி விளையும். நன்செய்யில் பத்துப் படி விளையும். விளைச்சலை மட்டும் அளந்து விதையின் தரத்தைத் தீர்மானிக்கும் உழவர் இல்லை. நிலத்தையும் நீரையும் சேர்த்தே அவர் கணக்கிடுவார். தேர்வு எண்ணும் அத்தகையதே. மண்ணை மறந்து எண்ணை மட்டும் பார்த்தவர்கள் 1923இல் இடறினர். எண்ணை மறந்து தம் விருப்பத்தையே குணம் என்று அழைத்தவர்கள் 1926இல் அநீதி இழைத்தனர். பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதோடு, எந்த நிலையிலிருந்து அதைக் கற்றது என்பதையும் சேர்த்து நோக்குவோரே நேர்மையாகத் தெரிவு செய்வோர்.

மாணவர்களே, நீங்களும் பல தேர்வுகள் எழுதப் போகிறீர்கள். உங்கள் எண் நீங்கள் அன்று, அந்த நேரத்தில், அந்த வினாக்களுக்கு அளித்த விடைகளின் கணக்கு. அதை அலட்சியம் செய்யாதீர்கள். உழைத்துப் பெற்றதாயின் மறைக்கவும் வேண்டா. அதுவே உங்கள் முழு மதிப்பு என்று ஒருபோதும் நம்பாதீர்கள். நாளை உங்களுள் சிலர் ஆசிரியராகவோ அலுவலராகவோ அமர்ந்து, பிறருடைய எண்களைப் பார்த்துத் தெரிவு செய்யும் பொறுப்பை ஏற்பீர்கள். அன்று ஒவ்வொரு தாளின் பின்னும் ஒரு பள்ளியும், ஓர் ஊரும், ஒரு வீடும் உண்டு என்பதை நினைவில் வைத்து, அந்தத் தாளைக் கையில் எடுங்கள்.