ஆவாரம்பூ யாருடைய அறிவு?

ஆரணி என்றால் எல்லோருக்கும் பட்டுதான் நினைவுக்கு வரும். ஊருக்கு வெளியே தரிசிலும் சாலையோரத்திலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரையை யாரும் வரலாறாகப் பார்ப்பதில்லை.

இன்று ஆவாரம்பூ சர்க்கரை நோய்க்கான தேநீராக டப்பாவில் விற்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்போ அது தோல் தொழிலின் செடி. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயரே 'தோல் பதனிடுவோரின் கொன்றை' என்ற பொருள் தருவது. ஆரணி அன்றிருந்த வடஆற்காடு மாவட்டத்தில்தான் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்ற பாலாற்றங்கரைத் தோல் ஊர்களும் இருந்தன. ஆவாரம்பட்டையில் உள்ள டானின் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கும். சுண்ணாம்புக் குழியில் இறங்கி மயிர் நீக்கி, பட்டைச்சாற்றில் தோலை ஊறவைத்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அந்தத் தோல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. கையில் வேதியியல் இருந்தது. சாதிச் சமூகம் அதைத் தீட்டு என்றது. பின்னர் வாட்டில் பட்டையும் குரோமியமும் வந்து ஆவாரையின் இடத்தைப் பிடித்தன.

அதே செடி பிறகு ஆய்வகத்துக்குள் நுழைந்தது. நீரிழிவுக்குச் சித்த மருத்துவம் தரும் ஆவாரைக் குடிநீர் பழையது. 2002இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாரி, லதா இருவரும் நீரிழிவு உண்டாக்கிய எலிகளுக்கு 30 நாள் ஆவாரம்பூச் சாறு கொடுத்து, ரத்தச் சர்க்கரை குறைந்ததைப் பதிவு செய்தார்கள். எலியில் தெரிந்தது மனிதருக்கு மருந்தாகிவிடாது. இதை நம்பி யாரும் மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தக்கூடாது.

நம் கேள்வி வேறு: இந்த அறிவின் பலன் யாருக்கு? 1999இல் நாவல், பாகல், சிறுகுறிஞ்சான், கத்தரி ஆகியவற்றின் கலவைக்கு, நீரிழிவு மருந்தாக, ஓர் அமெரிக்க நிறுவனம் அந்நாட்டில் காப்புரிமை பெற்றது. 2002இல் இந்தியா பல்லுயிர்ச் சட்டம் கொண்டுவந்து, பயனில் மக்களுக்கும் பங்கு என்றது. 2023 திருத்தமோ நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்தும் இந்திய நிறுவனங்களுக்கு அந்தக் கடமையிலிருந்து விலக்கு அளித்தது. ஏட்டில் ஏறிவிட்டால், அதைக் காத்தவர்களுக்குப் பங்கு இல்லை. ஏட்டில் ஏறாத அறிவுக்கோ சான்று கேட்பார்கள். இரண்டு பக்கமும் நமக்கே இழப்பு.

மருந்தறிவு மேல்சாதிச் சொத்து என்று யாராவது சொன்னால் அயோத்திதாசரைக் காட்டுங்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவர் சித்த மருத்துவர். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெயர்ப்பலகை வந்துவிட்டது, பங்கு இன்னும் வரவில்லை.

தாவரவியலும் வேதியியலும் படிக்கும் தம்பி, தங்கைகளே! ஆய்வுக்குச் செடி பறிக்கச் சேரிக்கும் ஜவ்வாது மலைக்கும் போவீர்கள். வழிகாட்டிய பாட்டியை வெறும் 'தகவலாளி' என்று எழுதி முடிக்காதீர்கள். முதலில் அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். அவர் விரும்பினால் பெயரோடு எழுதுங்கள். வருமானம் வந்தால் அவர் பங்கையும் கேளுங்கள்.