யுரேனியத்தைத் தூய்மை செய்தவர்கள்

அணுயுகத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் இயற்பியலறிஞர்களின் பெயர்களையே முதற்கண் எடுத்துரைப்பது வழக்கம். ஐன்ஸ்டைனின் சமன்பாடும் பெர்மியின் அணு உலையும் பள்ளிப் பாடநூல்கள்வரை வந்து சேர்ந்துவிட்டன. ஆனால், அந்த உலைக்கு வேண்டிய எரிபொருளை ஆக்கித் தந்தவர்கள் யாவர், அதனை எங்ஙனம் ஆக்கினர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அவற்றுக்கு விடை தேடிச் செல்வோர், அமெரிக்காவின் சோள வயல்களுக்கு நடுவே அமைந்த ஏம்ஸ் என்னும் சிறு நகரத்தில், ஒரு கல்லூரி வளாகத்தில் அன்று இருந்த பழைய மரக் கட்டடத்தின் கதையை வந்தடைவர்.

வண்ணம் தீட்டிய உலோகம்

யுரேனியம் புதிய பொருளன்று. 1789ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய வேதியியலறிஞர் கிளாப்ரோத் அத்தனிமத்தைக் கண்டறிந்தார். 1841இல் பிரெஞ்சு அறிஞர் பெலிகோ அதனை உலோகமாகப் பிரித்தெடுத்தார். ஆயினும், அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலம் உலகம் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மஞ்சளும் பச்சையுமாக வண்ணம் ஊட்டுவதற்கே அதன் சேர்மங்கள் பெரும்பாலும் பயன்பட்டன.

1938ஆம் ஆண்டு டிசம்பரில் இந்நிலை மாறியது. பெர்லினில் ஓட்டோ ஹானும் பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின்மீது நியூட்ரான்களைச் செலுத்தி, விளைந்த பொருள்களை வேதியியல் முறையில் பிரித்து ஆராய்ந்தனர். ரேடியம் எனத் தாம் கருதிய ஒரு பொருள், எத்துணை முயன்றும் பேரியத்திலிருந்து பிரிய மறுத்தது. பிரியாமைக்குக் காரணம், அது பேரியமாகவே இருந்ததுதான். யூதப் பிறப்பினர் என்பதால் அவ்வாண்டு ஜூலையில் ஜெர்மனியைவிட்டுத் தப்பிச் சென்றிருந்த லீசே மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ பிரிஷும் இதற்கு விளக்கம் கண்டனர். அணுக்கரு இரண்டாகப் பிளந்திருந்தது. ஆக, அணுப்பிளவு உலகுக்கு அறிமுகமானதே வேதியியலாரின் பொறுமையான பிரித்தெடுப்பால்தான் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

குடம் பாலும் துளி நஞ்சும்

ஓர் அணுக்கரு பிளக்கும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் ஒன்றேனும் மற்றோர் அணுக்கருவைப் பிளக்குமாயின் வினை தொடரும், இல்லையேல் அணைந்துவிடும். இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளக்கக்கூடிய வகை நூற்றுக்கு 0.7 பங்கே உள்ளது. வெளிப்படும் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கிராஃபைட் போன்றதொரு பொருளும் தேவை. இந்நிலையில், ஒவ்வொரு நியூட்ரானும் கருவூலத்துக் காசுபோல் எண்ணிச் செலவிடப்பட வேண்டியதாயிற்று.

அந்தக் காசைத் திருடும் கள்வன் போரான் என்னும் தனிமம். பத்து இலட்சம் பங்கில் ஒருசில பங்கு கலந்திருந்தாலும், நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையை அது தடுத்துவிடும். குடம் பாலுக்குத் துளி நஞ்சு என்னும் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும். அக்காலத்துத் தொழிற்சாலைகள் 'தூயது' என விற்ற பொருள்கள் அணு உலைக்குரிய அளவுகோலின்படி மாசுபட்டவையே.

இவ்வுண்மையை உணர்ந்ததும் உணராததும் வரலாற்றின் போக்கையே மாற்றின. அமெரிக்காவில் லியோ சிலார்டு, போரான் கலவாத கிராஃபைட்டே வேண்டும் என்று உற்பத்தியாளர்களிடம் விடாப்பிடியாக வலியுறுத்தினார். ஜெர்மனியிலோ 1941இல் வால்தர் போத்தே கிராஃபைட்டை அளந்து பார்த்தபோது, அது நியூட்ரான்களை மிகுதியாக விழுங்குவதாகக் கண்டார். அளவைப் பிழைபடுத்தியது மாசு என்பது அப்போது புலப்படவில்லை. கிராஃபைட் பயன்படாது என்று முடிவு கட்டிய ஜெர்மானியர், நார்வேயிலிருந்து அரிதாகக் கிடைத்த கனநீரை நம்பியிருக்க நேர்ந்தது. அவர்களுடைய முயற்சி பின்தங்கியதற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஏம்ஸ் நகரத்து உலைக்களம்

1942ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆர்தர் காம்ப்டன் சிகாகோவில் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். மறைவு கருதி அதற்கு 'உலோகவியல் ஆய்வுக்கூடம்' என்று பெயரிட்டனர். ஆனால், மறைப்பதற்காக இட்ட அப்பெயரே உண்மையான இடர்ப்பாட்டைச் சுட்டுவதாக அமைந்துவிட்டது. தேவைப்பட்டதோ டன் கணக்கான யுரேனிய உலோகம்; கையிலிருந்ததோ சிறிதளவே. மின்விளக்கு இழைகளுக்காக முன்னர்க் கண்டறியப்பட்டிருந்த ஒரு முறையில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் சூரிய ஒளியின் துணைகொண்டு யுரேனிய உப்பை ஆக்கி, அதிலிருந்து சிறு அளவுகளில் உலோகம் எடுத்து வந்தது. அவ்வுலோகத்தின் விலை ஓர் இராத்தலுக்கு ஏறத்தாழ 1,000 டாலர்.

முதற்படியாக யுரேனிய உப்பைத் தூய்மை செய்யும் பொறுப்பைச் செயின்ட் லூயி நகரத்து மாலின்க்ராட் நிறுவனம் ஏற்றது. யுரேனிய நைத்திரேட்டு ஈதரில் கரையும். மாசுகளோ பெரும்பாலும் கரையா. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்த இப்பண்பைக் கொண்டு, எளிதில் தீப்பற்றும் ஈதரைப் பெருமளவில் கையாண்டு, 1942இன் இடைப்பகுதியிலேயே டன் கணக்கில் தூய ஆக்சைடை அந்நிறுவனம் வழங்கத் தொடங்கியது.

ஆக்சைடு கிடைத்தது, உலோகம் வேண்டுமே! சிகாகோ ஆய்வுக்கூடத்தின் வேதியியல் பிரிவுக்கு முதலில் தலைமை ஏற்ற பிராங்க் ஸ்பெடிங், ஐயோவா மாநிலக் கல்லூரியின் பேராசிரியர். அவர் வாரத்தின் ஒரு பகுதியைச் சிகாகோவிலும் மறுபகுதியைத் தம் கல்லூரி இருந்த ஏம்ஸ் நகரத்திலுமாகக் கழித்தார். அங்கு அவருக்கு வலக்கையாக விளங்கியவர் உலோகவியலறிஞர் ஹார்லி வில்ஹெல்ம்.

வில்ஹெல்ம் கையாண்ட முறை கேட்பதற்கு எளியது. யுரேனிய டெட்ராஃபுளோரைடு என்னும் பச்சை நிற உப்பைக் கால்சியத் துகளோடு கலந்து, உட்புறம் காப்புப் பூச்சிட்ட எஃகுக் குழாயில் அடைத்து மூடிச் சூடேற்றினார். குறித்த வெப்பநிலையில் கலவை தானே பற்றிக்கொண்டது. கால்சியம் ஃபுளோரினைக் கவர்ந்து கசடாக மேலே மிதக்க, விடுபட்ட யுரேனியம் உருகி அடியில் தங்கியது. குழாய் குளிர்ந்தபின் உடைத்தெடுத்தால், அடியில் உலோகக் கட்டி கிடைக்கும். விரைவிலேயே கால்சியத்துக்குப் பதிலாக விலை குறைந்த மெக்னீசியத்தைப் பயன்படுத்தவும் அக்குழுவினர் வழி கண்டனர்.

1942 ஆகஸ்டில் சிறு கட்டியாக முதல் வெற்றி கிட்டியது. செப்டம்பரில் 11 இராத்தல், அதாவது சுமார் 5 கிலோகிராம் எடையுள்ள வார்ப்பு ஒன்று உருவாயிற்று. யுரேனியம் நீரைப்போல் 19 மடங்கு அடர்த்தியுடையது. ஆதலின் அந்த 5 கிலோ உலோகம், பருமனில் ஒரு குவளைத் தண்ணீரின் அளவே இருந்தது. அதனை வில்ஹெல்ம் சிகாகோவுக்குத் தாமே கொண்டுசென்றார்.

பணி எளிதாக நடந்துவிடவில்லை. யுரேனியத் துருவலும் மெக்னீசியத் தூளும் எளிதில் தீப்பற்றுவன. அந்த மரக் கட்டடத்தில் தீயும் வெடிப்பும் அடிக்கடி நிகழ்ந்தன. பணியாளர்களுள் பலருக்குத் தாம் ஆக்கும் உலோகம் எதற்காக என்பதே தெரியாது. இருப்பினும், 1945ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 1,000 டன் யுரேனியம் அங்கு உருவாக்கப்பட்டது. 1,000 டாலராக இருந்த விலை ஒரு டாலர் அளவுக்கு இறங்கியது.

டிசம்பர் 2

சிகாகோ பல்கலைக்கழக விளையாட்டரங்கின் பார்வையாளர் மேடைக்கு அடியில், என்ரிக்கோ பெர்மியின் குழுவினர் கிராஃபைட் கட்டிகளை அடுக்கடுக்காக அமைத்தனர். இடையிடையே யுரேனிய ஆக்சைடும், அடுக்கின் நடுப்பகுதியில் சுமார் 6 டன் யுரேனிய உலோகமும் வைக்கப்பட்டன. அந்த உலோகத்தில் 2 டன் ஏம்ஸ் நகரத்திலிருந்து வந்தது. பொருள்கள் எதிர்பார்த்ததினும் தூயனவாக இருந்தமையால், திட்டமிட்ட அளவு உயருமுன்பே, 57 அடுக்குகளோடு வேலை நிறைவுற்றது. 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், மனிதன் ஆக்கிய முதல் அணுத் தொடர்வினை சுமார் 28 நிமிடம் நடைபெற்றது. வெளிப்பட்ட ஆற்றல் ஒரு சிறு கைவிளக்கை ஏற்றவும் போதாது. ஆனால், வழி திறந்துவிட்டது.

அவ்வழி ஹான்ஃபோர்டு நகரத்துப் பெரும் உலைகளுக்கு இட்டுச் சென்றது. அங்கு யுரேனியத்திலிருந்து புளூட்டோனியம் ஆக்கப்பட்டது. 1945 ஆகஸ்ட் 9ஆம் நாள் நாகசாகியின்மீது வீழ்ந்த குண்டு அந்தப் புளூட்டோனியத்தால் ஆனதே.

அதற்கு முன்பே சில குரல்கள் எழுந்தன. சிகாகோவில் வேதியியல் பிரிவின் தலைமையைப் பின்னர் ஏற்றிருந்த ஜேம்ஸ் பிராங்க், 1945 ஜூனில் அறிஞர் சிலரோடு சேர்ந்து ஓர் அறிக்கை விடுத்தார். முன்னறிவிப்பின்றி மக்கள்மீது இந்த ஆயுதத்தை ஏவலாகாது. ஆளில்லா இடத்தில், உலக நாடுகளின் சார்பாளர்கள் காண அதனை வெடித்துக் காட்டுக என்பது அவர்களின் வேண்டுகோள். புளூட்டோனியத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான கிளென் சீபோர்க்கும் அதில் கையொப்பமிட்டார். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

எஞ்சிய மாசு

போர் முடிந்தபின் 1945 அக்டோபரில், கல்வி நிறுவனங்களுக்கு அரிதாகவே கிட்டும் படைத்துறைச் சிறப்புக் கொடி ஐயோவா மாநிலக் கல்லூரிக்கு வழங்கப்பட்டது. 1947இல் ஏம்ஸ் ஆய்வுக்கூடம் முறையாக நிறுவப்பட்டது. அங்கு வளர்ந்த பிரித்தெடுப்பு முறைகள், அருமண் தனிமங்களைத் தூயனவாகப் பெறவும் பிற்காலத்தில் துணை செய்தன. மின்னாற்றல் தரும் அணு உலைகளுக்கும் அக்கால ஆய்வுகள் அடித்தளமாயின. இவை அப்பணியின் நற்பயன்கள்.

மறுபக்கமும் உண்டு. ஓர் உலோகத்திலிருந்து நீக்கப்பட்ட மாசு மறைந்துவிடவில்லை. செயின்ட் லூயி வட்டாரத்தில் குவிந்த கதிரியக்கக் கழிவுகளும், ஹான்ஃபோர்டில் 177 நிலத்தடித் தொட்டிகளில் தேக்கிய கழிவுகளும் தலைமுறைகளைத் தாண்டித் தொல்லை தந்தன. அணு ஆயுதத் தொழிலில் ஈடுபட்டு நோயுற்ற பணியாளர்களுக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் இயற்றப்பட்டது.

திருவள்ளுவர், செயலில் உறுதி வேண்டும் என்பதை வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் கூறினார். அதற்கு முந்திய அதிகாரமாக அவர் வைத்தது வினைத்தூய்மை. ஏம்ஸ் நகரத்து மரக் கட்டடத்தில் வினைத்திட்பத்துக்குக் குறைவே இல்லை. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாசையும் பொறாத அளவுக்கு அங்கு பொருள் தூய்மை செய்யப்பட்டது. அதே அளவுகோலைச் செயலின் நோக்கத்துக்கும் வைக்க வேண்டும் என்றே பிராங்கும் அவர்தம் தோழரும் கேட்டனர். பொருளின் மாசை அளக்க அறிவியல் கருவி தந்தது. நோக்கத்தின் மாசை அளக்கும் பொறுப்பு மனிதனிடமே விடப்பட்டுள்ளது. அறிவியலைக் கற்பிப்போரும் கற்போரும் வள்ளுவர் வைத்த அதிகார வரிசையை மறத்தலாகாது.