ஃபௌ-ஜி (நிகழ்பட ஆட்டம்)

ஃபௌ-ஜி என்பது பெங்களூரைச் சேர்ந்த என்கோர் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய, நகர்பேசியில் ஆடப்படும் நிகழ்பட ஆட்டம் ஆகும். இது ஆண்ட்ராய்டு நகர்பேசிகளுக்கு 2021 சனவரி 26, குடியரசு நாளன்று வெளியிடப்பட்டது. இந்தியில் படைவீரரைக் குறிக்கும் சொல்லை ஒட்டி இப்பெயர் அமைந்தது. பப்ஜிக்கு மாற்றான சுடும் ஆட்டமாகப் பலரும் எதிர்பார்த்திருந்த இதில், வெளியானபோது ஆடுபவரின் கையில் துப்பாக்கியே இருக்கவில்லை.

பின்னணி

2020 சூன் 15 இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படையினரிடையே நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த அவில்தார் கே. பழனி அவர்களுள் ஒருவர். இதைத் தொடர்ந்து இந்திய அரசு சீனத் தொடர்புள்ள செயலிகளைத் தடை செய்யத் தொடங்கியது. செப்டம்பர் 2 அன்று தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. இரண்டே நாட்களில், செப்டம்பர் 4 அன்று, நடிகர் அக்சய் குமார் டுவிட்டரில் ஃபௌ-ஜியை அறிவித்தார். நிகர வருவாயில் 20 விழுக்காடு, உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்கு உதவும் 'பாரத் கே வீர்' அமைப்புக்கு வழங்கப்படும் என்றும் கூறப்பட்டது.

அறிவிப்பு வந்த வேளையே எதிர்பார்ப்புக்கு முதன்மைக் காரணம் எனலாம். வெளியீட்டுக்கு முன்பே 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர்.

ஆடும் முறை

கல்வான் பள்ளத்தாக்கில் தன் தோழர்களைத் தேடிச் செல்லும் இந்திய வீரர் ஒருவரை ஆடுபவர் இயக்குகிறார். வீரரின் கண்வழியே அன்றி, அவருக்குப் பின்னிருந்தே காட்சி தெரியும். வழியில் எதிர்ப்படும் எதிரிகளை வெறுங்கையாலும், கிடைக்கும் தடி போன்றவற்றாலும் தாக்க வேண்டும். குறைந்த உடல்வலுவை மீட்க, மூட்டிய தீயருகே அமர்ந்திருக்க வேண்டும்.

துப்பாக்கி இல்லாமை உண்மை நிகழ்வுக்கு முரணானது அன்று. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே சுடுவதை 1996 ஆம் ஆண்டின் இந்திய-சீன உடன்பாடு தடுக்கிறது. கல்வானிலும் தடிகளாலும் கற்களாலுமே மோதல் நடந்தது. ஆகவே கதைக்கு இம்முறை பொருத்தமே. ஆயினும் பப்ஜி போன்ற ஒன்றை எண்ணிப் பதிவிறக்கியவர்களுக்கு இவ்விளக்கம் போதவில்லை. அடிதடி ஆட்டமாகக் கொண்டாலும் குறைகள் இருந்தன. ஒரே வகைத் தாக்குதலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. நண்பர்களுடன் சேர்ந்து ஆட வழியில்லை. அணியாக மோதும் முறை பின்னர் வரும் என்ற அறிவிப்பு மட்டுமே இருந்தது. பப்ஜியை ஆடியவர்கள் பெரிதும் இழந்தது சேர்ந்தாடும் இவ்வசதியைத்தான்.

வரவேற்பு

கூகுள் பிளே தளத்தில் தொடக்கத்தில் 4.5க்கு மேலிருந்த மதிப்பீடு, சில நாட்களிலேயே 5க்கு 3 என்ற அளவுக்குச் சரிந்தது. பப்ஜி ஆதரவாளர்கள் வேண்டுமென்றே மதிப்பைக் குறைத்தனர் என்ற கருத்தும் உண்டு. ஆனால் மேற்கூறிய குறைகளை நடுநிலையான திறனாய்வுகளும் சுட்டின.

வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் பழனிக்கு மறைவுக்குப் பிந்தைய வீர் சக்கரா விருது அறிவிக்கப்பட்டது.

பிந்தைய நிலை

துப்பாக்கியுடன் அணியாக மோதும் முறையின் சோதனைப் பதிப்பு 2021 சூனில் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. கிராஃப்டன் நிறுவனம் பப்ஜியின் இந்தியப் பதிப்பை சூலை 2 அன்று முறையாக வெளியிட்டது. ஆடுபவரின் கண்வழியே சுடும் ஆட்டமான 'ஃபௌ-ஜி: டாமினேசன்' 2025 சனவரியில் வெளியானது. இதனை உருவாக்கியது புனேயைச் சேர்ந்த டாட்9 கேம்ஸ் நிறுவனம்.