காலியாகத் திரும்பும் லாரி

லாரி வாடகையைத் தீர்மானிப்பது தூரம் மட்டும் இல்லை. திரும்பும்போது லோடு கிடைக்குமா என்பதும்தான். அமெரிக்காவில் 1935 முதல் எந்த லாரி எந்தச் சரக்கை, எந்த வழியில், என்ன வாடகைக்கு ஏற்றலாம் என்பதெல்லாம் வாஷிங்டன் ஆணையத்தின் கையில். காய்கறி, கால்நடை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. தக்காளி ஏற்றிப் போனவர் திரும்பும்போது ஆலைச் சரக்கைத் தொட முடியாது. பல நேரம் காலி வண்டிதான், டீசல் அவர் பாக்கெட்டிலிருந்து.

1978இல் போர்ட்லாந்தின் ஜூபிட்ஸ் லாரி நிறுத்தத்தில் ஒரு திரை வைத்தார்கள். எங்கே லோடு இருக்கிறது என்று அதில் ஓடும். பெயர் டயல்-எ-டிரக். கோடு எழுதிப் பிழைக்கிற எனக்கு, இன்றைய சரக்கு ஆப்களின் பாட்டன் அந்தப் பெட்டிதான். 1980இல் கார்ட்டர் கையெழுத்துப் போட்டதும் வாடகை பேரத்துக்கு வந்தது, புரோக்கர்களும் பெருகினார்கள்.

லாரிக்காரரின் அனுமதி, இன்சூரன்ஸ், விபத்துப் பதிவு எல்லாம் புரோக்கர் பார்ப்பார். சரி, புரோக்கரை லாரிக்காரர் எதை வச்சு நம்புறது? சட்டம் கேட்ட பிணைத்தொகை ரொம்ப காலம் வெறும் 10,000 டாலர். 2013இல்தான் 75,000 ஆச்சு. அதுவரை ஒரு புரோக்கர் கடையைச் சாத்திட்டுப் போனா, நாற்பது லாரிக்காரங்க இருந்தாலும் அந்தப் பத்தாயிரத்தைத்தான் பங்கு போட்டுக்கணும்.