பெத்ரோ ரொமேரோ உருவப்படம் (கோயா)

ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா (1746–1828), தம் காலத்தின் தலைசிறந்த காளைப்போர் வீரர் பெத்ரோ ரொமேரோவைத் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். காலம் ஏறத்தாழ 1795–98. உயரம் சுமார் 84 செ.மீ., அகலம் 65 செ.மீ.

ரொமேரோ (1754–1839) அந்தலூசியாவின் ரோந்தா ஊரில், காளைப்போரையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். கம்பில் தொங்கவிட்ட துணியால் காளையை ஏய்க்கும் ‘முலேத்தா’ முறையைக் கொண்டுவந்தவர் அவருடைய பாட்டனார் பிரான்சிஸ்கோ என்பது வழிவழிச் செய்தி. செவில் நகரத்து வீரர்கள் துள்ளலுக்கும் பகட்டுக்கும் பெயர் பெற்றவர்கள். ரோந்தா வழியோ நிதானத்தைப் போற்றியது: காலை அசைக்காமல் நின்று, பாய்ந்து வரும் காளையை வாள்முனையில் ஏற்க வேண்டும். இப்படி 5,000க்கு மேற்பட்ட காளைகளைச் சாய்த்தும் பெருங்காயமின்றி 1799இல் ரொமேரோ களத்தைவிட்டு விலகினார் என்பர். அவருடைய போட்டியாளர் பெப்பே இய்யோ 1801 மே மாதம் மாத்ரித் களத்தில் கொம்பு குத்தி மாண்டார்.

ஓவியத்தில் காளை இல்லை, வாள் இல்லை, களமும் இல்லை. இருண்ட பின்னணியில் இடுப்பளவு உருவம். வெள்ளைச் சட்டை, அதன்மேல் கறுப்பு மேற்சட்டை, தோளில் போர்வை. நாற்பதைக் கடந்தவர் என்று நம்ப முடியாத தெளிந்த முகம். அத்தனை காளைகளைக் கொன்ற கை, சற்றும் இறுக்கமின்றிப் படத்தின் முன்புறத்தில் ஓய்ந்திருக்கிறது. வீரனை வரைய வந்தவர் வீரச்செயலை ஒதுக்கிவிட்டு, அதற்கு ஆதாரமான மன அமைதியைப் பிடித்துவிட்டார்; கோயாவின் உருவப்படங்களில் இதை முன்வரிசையில் வைக்க இதுவே போதும். 1792–93இல் வந்த கடும் நோயால் செவித்திறனை இழந்த பின் அவர் தீட்டியது இது. பெத்ரோவின் சகோதரர் ஹோசேயையும் அதே காலத்தில் வரைந்தார். அப்படம் ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

1816இல் கோயா வெளியிட்ட ‘லா தௌரொமாகியா’ செதுக்கோவியத் தொகுதியின் 33 படங்களுள் ஒன்றில் ரொமேரோ மீண்டும் வருகிறார். இம்முறை வாளோடு, காளையின் எதிரில். கடைசிப் படம் பெப்பே இய்யோவின் சாவு. முதுமையில், 1830இல், ஏழாம் பெர்னாந்து மன்னர் செவிலில் நிறுவிய காளைப்போர்ப் பள்ளிக்கு ரொமேரோ தலைவரானார். 1926இல் எழுத்தாளர் ஹெமிங்வே தம் நாவலின் இளம் காளைப்போர் வீரனுக்குப் பெத்ரோ ரொமேரோ என்ற பெயரையே சூட்டினார்.

இவ்வோவியத்தை 1966இல் டெக்சஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரின் கிம்பெல் கலை அருங்காட்சியகம் பெற்றது. லூயி கான் வடிவமைத்த அதன் கட்டடம் 1972இல் திறக்கப்பட்டது.