அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் (தமிழ்நாடு)

தனியார் நிர்வாகம் நடத்த, ஆசிரியர் சம்பளத்தை அரசு வழங்கும் பள்ளிகள் அரசு உதவிபெறும் பள்ளிகள் எனப்படும். திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் சமூகச் சங்கங்களும் தனிநபர்களும் இவற்றைத் தொடங்கினர். கட்டடமும் ஆசிரியர் நியமனமும் நிர்வாகத்தின் பொறுப்பு. பாடத்திட்டமும் ஆய்வும் அரசின் பொறுப்பு. கல்வியில் அரசும் தனியாரும் கைகோத்த பழைய ஏற்பாடுகளுள் இது முதன்மையானது.

தோற்றம்

1854-இல் வெளியான சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கப் பரிந்துரைத்தது. தொடர்ந்து, சென்னை மாகாணத்தில் கிறித்தவ மிஷன் பள்ளிகளும் திண்ணைப் பள்ளிகள் பலவும் மானியத்தின்கீழ் வந்தன.

தேர்ச்சி மானியம்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாணவரின் தேர்ச்சியைப் பொறுத்து மானியம் தரும் முறை இருந்தது. ஆய்வாளர் வந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் கிடைக்கும். ஆசிரியரின் வருமானம் அந்த ஒரு நாள் சோதனையை நம்பியிருந்ததால், பிள்ளைகளை மனப்பாடம் செய்யவைப்பதே பாடம் நடத்துவதாகிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது.

ஊராரின் பங்கு

காமராசர் ஆட்சியில் 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு அரசுப் பணத்தோடு பொதுமக்களின் நன்கொடையும் கைகொடுத்தது. 1958-இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய இவ்வியக்கத்தில், பெஞ்சு, கரும்பலகை, சீருடை, நிலம் என இயன்றதை ஊரார் கொடுத்தனர். பள்ளி தங்களுடையது என்ற உரிமையுணர்வும் அதனோடு வளர்ந்தது.

சட்டமும் கண்காணிப்பும்

1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வித்துறையின் முன் அனுமதியின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யத் தடை விதித்தது. நிர்வாகத்தின் தயவை எதிர்பார்த்திருந்த ஆசிரியர்களுக்கு இது பெரும் பாதுகாப்பு.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் கும்பகோணம் சான்று. 2004 ஜூலை 16 அன்று, உதவிபெறும் பள்ளி ஒன்றும் இயங்கிவந்த கட்டடத்தில் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் உயிரிழந்தனர். அதன்பிறகே பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்றும் பணி தீவிரமடைந்தது. முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது.

அண்மைக்காலம்

2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தொடக்க வகுப்புகளில் ஏறத்தாழ 30 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை வகுத்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவடைந்தது.

மதிப்பீடு

கட்டணம் கட்ட இயலாத பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு முதல் எழுத்தைக் கற்பித்த பெருமை இப்பள்ளிகளுக்கு உண்டு. ஆனால் மானியம் மட்டும் தரத்தை உறுதிசெய்ததில்லை. எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் பணம் தந்தபோது கற்பித்தல் சுருங்கியது; ஆய்வு தளர்ந்தபோது குழந்தைகளின் உயிருக்கே ஆபத்து வந்தது. ஆசிரியருக்குப் பணிப் பாதுகாப்பு, ஊராரின் அக்கறை, அரசின் இடைவிடாத கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இக்கூட்டு குழந்தைக்குப் பயன்படும்.